கஞ்சி போட்ட ஜுஜிட்சு சட்டை

சேசு மரி சூசை துணை

குருசுக்குப்பம்
20.11.2008

அன்பு மகன் யூஜினுக்கு அம்மா வேளாங்கண்ணி உச்சி முகர்ந்து எழுதுவது. இங்கே நாங்களும் மழையும் சுகம். பிரான்சில் நீயும் குளிரும் எப்படி?

உன் தம்பி மகன் கிளாட்வின் கணக்கில் தொண்ணூற்றெட்டு. அவன் தங்கை பூசையில் வாசகம் வாசித்தாள், சாமியார் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. உன் மகள் ஃபாத்திமா ஜுஜிட்சு போட்டியில் ஜெயித்து மெடலோடு வந்துவிட்டாள்!

"நம்ம வூட்ல ஒருத்தருக்கு ஒரு கட்டுப் போட்டாலும் அந்தச் சண்டை க்ளாஸ் அன்னிக்கோட சரி" என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை.

நீ நினைக்கிற மாதிரி இல்லையப்பா. குத்து கிடையாது, உதை கிடையாது. கட்டிப் பிடித்துச் சாய்த்து, கையையோ காலையோ மடக்கிப் பிடிப்பதுதான். வலித்தால் பிடித்தவளைத் தட்ட வேண்டும், தட்டினால் அவள் உடனே விட்டுவிட வேண்டும். நடுச்சுவர்த் தகராறில் உன் அப்பாவோ பெரியப்பாவோ ஒருத்தர் தட்டியிருந்தால் இன்றைக்கும் பேச்சுவார்த்தை இருந்திருக்கும்.

போட்டிக்குப் போகிற பிள்ளை கசங்கின சட்டையோடு போகலாமா? கோயில் பீடத்துத் துணிக்குப் போடுகிற மாதிரி நீலம் போட்டு, கெட்டிக் கஞ்சியில் முக்கி, இஸ்திரிப் பெட்டி போட்டேன். சட்டை தானாகவே நின்றது. எதிராளியின் காலரைப் பிடித்துத்தான் அந்தச் சண்டையே நடக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தட்டாஞ்சாவடி மண்டபத்தில் கடலூர்ப் பெண் கை வைக்கிறாள், வழுக்குகிறது, மறுபடி வைக்கிறாள், நகம் மடங்குகிறது. அவள் அம்மா எழுந்து, "என்னாங்கய்யா அநியாயம், உள்ள தகரம் வெச்சித் தெச்சிகினு வந்துகிது!" என்று கத்த, நடுவர் வந்து காலரைச் சுண்டினார். டொக் என்றது.

"யாரும்மா இதத் தொவச்சது?"

நான் பெருமையாக எழுந்து நின்றேன்.

"ஆயா, உக்காரு ஆயா!" என்றாள் ஃபாத்திமா.

வேறு சட்டை போடாவிட்டால் பிள்ளை வெளியே என்றுவிட்டார். க்ளாசிலிருந்து கூட வந்த ஜெயம் தன்னுடையதைக் கொடுத்தாள். அவள் பெரிய உடம்புக்காரி. தொளதொளவென்று தொங்கிய அதைக் கடலூர்ப் பெண் கொத்தாகப் பிடித்து நம் பிள்ளையைச் சாய்த்துவிட்டாள். மாதாவே என்று கண்ணை மூடினேன். திறந்தால், கீழே கிடந்தபடியே நம் பிள்ளை அவள் தோளில் காலைப் போட்டு, அவள் கையை நீட்டிப் பிடித்திருக்கிறாள். அந்தப் பெண் படபடவென்று தட்டியதும் விட்டுவிட்டுத் தூக்கி நிறுத்தினாள். அவள் அம்மா அப்புறம் என்னிடம் வந்து, "கஞ்சிக்கு என்னா அரிசிங்க போட்டீங்க?" என்று கேட்டாள்.

ஆகவே மகனே, மறுக்காமல் அனுமதி கொடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா

பி.கு. நேற்று அந்தப் பிடியை எனக்கும் காட்டு என்றேன். "வலிச்சா தட்டு ஆயா" என்று பூப்போலத்தான் பிடித்தாள். பேத்தியிடம் நான் தட்டுவதா? உதறிக்கொண்டு எழுந்தேன். இடது கையில் கட்டு, மூன்று வாரமாம். அவள் மேல் தப்பே இல்லை, அழுதுகொண்டிருக்கிறாள். இந்தக் கட்டைக் கணக்கில் சேர்க்காதே. உன் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. அதில் நீ சிரித்துக்கொண்டிருந்தால் அவள் க்ளாசுக்குப் போகலாம் என்று எடுத்துக்கொள்வோம்.