ஜூம் அண்ணனும் இடது கீழ் மூலையும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கம்ப்யூட்டரில் கோடு இழுத்தவர்களில் ஜூம் அண்ணனிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் அப்படிக் கோடு இழுத்தவர்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

அதில் நானும் ஒருத்தி. மண்டபத்தில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எனக்கு வேலை. விசைப்படகு எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகளை வரைந்து, வார்ப்பதற்குக் கோயம்புத்தூருக்கு அனுப்புவோம். முதலில் தட்டையாக ஒரு ஸ்கெட்ச். அதன் சுற்றுக்கோடு முழுக்க மூடியிருந்தால், ஒரு பட்டனைத் தட்டியதும் கனம் பெற்று இரும்புத் துண்டு போல எழுந்து நிற்கும். எங்காவது மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் எழாது. எங்கே என்று எங்களுடைய பழைய சாஃப்ட்வேர் சொல்லவும் சொல்லாது. உடனே உச்சிப்புளிக்குப் போன் போகும். அடுத்த பஸ்ஸில் ஜூம் அண்ணன் வந்து இறங்குவார்.

ஏதோ பெரிய கம்பெனியில் டிராயிங் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் துபாயில். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். "காத்துல கோடு ஆடும்." பையிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்துத் திரையில் எறும்பு ஊர்வது போல நகர்த்தியபடி, படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவார். வியர்வையில் நாங்கள் கரைந்துகொண்டிருக்கும்போது ஒரு குரல் வரும்.

"ஏத்தா, இங்கன பாரு. ரெண்டு கோடும் தொட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி நடிக்குதுக. நடுவுல லாரி போகலாம்."

ஒருமுறை முதலாளி தானே உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த அளவையெல்லாம் கொடுத்துவைத்தார். திரையில் ஸ்கெட்ச் முழுவதும், தப்பு என்று காட்டும் சிவப்புக்கு மாறியது.

"ஒரு அளவ எடுத்துருங்க" என்றார் ஜூம் அண்ணன்.

"எதுய்யா தப்பு?"

"எதுவும் தப்பில்ல. ஒண்ணு கூடுதல். நாலு பக்கமும் கட்டிப்போட்ட மாட்ட அஞ்சாவது கயித்துல இழுத்தா அது எங்கிட்டுப் போகும்?"

"எல்லாம் நானே அளந்தது. எடுக்க மாட்டேன்."

"அப்பச் செவப்பாவே வார்த்துக் குடுங்க. படகு அழகா இருக்கும்."

ஒரு கல்யாண வீட்டில் வாசல் கோலத்தில் ஒரு வளைவு சேராமல் நின்றதைப் பார்த்துவிட்டார். கோலமாவு கேட்டு வாங்கி, குனிந்து, அதை மூடி முடிக்கும்வரை மாப்பிள்ளை ஊர்வலம் மேளத்தோடு தெருவில் நின்றது. மாப்பிள்ளைக்கே கோபமில்லை. நாகஸ்வரக்காரர்தான் மூச்சுப் பிடிக்க முடியாமல் தவித்தார்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வேலை கொஞ்ச நேரம்தான். அதன்பின் டீ, கடைசி பஸ்வரை பேச்சு. கிளம்பும்போது, "அடுத்த படத்தையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்" என்று திறந்து பார்ப்பார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் நானே தட்டி, எழுந்து நின்ற ஸ்கெட்ச், அவர் பார்வை பட்ட மறுநாள் எழாது. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு நானே பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கீழ் மூலையில் மயிரிழை அளவு இடைவெளி. அடுத்த முறையும் அதே மூலை. அதற்கு அடுத்த முறையும்.

முதலாளி மாடிக்கு ஏறி வந்தார். "என்னம்மா, கெடச்சிருச்சா?"

ஜூம் அண்ணனே விட்ட இடைவெளி என்று தெரிந்தால் முதலாளி அந்த மனிதரை இனி படியேற விடமாட்டார்.

"இல்லைங்க. ஜூம் அண்ணன் வந்தாத்தான் ஆகும்."

அன்றும் வந்தார். கை கழுவினார், ஃபேனை நிறுத்தினார், தான் விட்ட இடைவெளியைத் தானே வெகுநேரம் தேடினார். நான் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தேன். ஒரு டீக்காகவா ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இறந்து மூன்று வருடமாகிறது. நான் இன்னும் அதே மாடியில்தான்; என் மகன் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டிராயிங்கும் மெஷினும் பார்க்கிறான். போன மழைக்காலத்தில் அவன் பைக் லாரியில் மோதியது. ஒடிந்த கால் கூடிவிட்டது, வேலைக்கும் திரும்பிவிட்டான். எனக்குத்தான் இன்னும் கூடவில்லை. போன் மணி அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

"சும்மா சும்மா கூப்பிடாதீங்கம்மா, மெஷின்ல நிக்கிறேன்" என்பான். ஆனால் ஸ்கெட்ச் எழவில்லை என்று படத்தோடு மெயில் அனுப்பினால் அன்றைக்கே அவனாகக் கூப்பிடுவான். பொறுமையாகப் பேசுவான். சாப்பிட்டானா, கால் வலிக்கிறதா, ஹெல்மெட் போடுகிறானா என்று நடுவில் நான் கேட்டுக்கொள்வேன்.

நேற்றும் கூப்பிட்டான்.

"அம்மா, கண்டுபிடிச்சிட்டேன். இடது கீழ் மூலை."

"அப்படியா? கண்ணு தெரியலப்பா எனக்கு."

"போன வாரமும் அதே மூலை."

அவனுக்குப் பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"ஜூம் மாமா கதைய எனக்குச் சொன்னதே நீங்கதானம்மா."

"போன வைக்கட்டுமாப்பா?"

"ஞாயித்துக்கிழம வாரேன். அதுவரைக்கும் அந்த இடைவெளிய மூடிராதீங்க."