இரங்கல் உரை நாற்பது நிமிடம் போன விவரம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால், என் அகராதி மூவரும் நலம். நீயும் உன் பெண்ணான என் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதோடு சரி, நீதான் பதினோரு நாளாக என் போனை எடுப்பதில்லையே.

மாப்பிள்ளைக்காக அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் வைத்த இரங்கல் கூட்டத்தில் நான் உன் மானத்தை வாங்கிவிட்டதாக மருமகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நடந்ததைக் கேள். மேனேஜர் வந்து, "ஐயா, இரங்கல் உரையா நீங்க ஒரு ரெண்டு நிமிஷம் பேசுங்க" என்றார். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், இரங்கல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எப்படிப் பேசுவது? பழைய பாட்டுகளில் கடல் இரங்கும், முரசு இரங்கும், அங்கெல்லாம் அழுகை இல்லை, வெறும் ஓசைதான், அந்த ஓசை எப்படி மனுஷன் நெஞ்சுக்குள் துக்கமாகப் புகுந்தது என்று நான் வருவதற்குள் கைதட்டினார்கள், இரங்கல் கூட்டத்தில் கைதட்டுவது முறையல்ல என்று கண்டித்ததில் ஐந்து நிமிஷம் போயிற்று, மைக்கை அணைத்தார்கள், எனக்குத் தொண்டையே போதும், பின்வரிசை மெக்கானிக்குகள் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், ஒரே மாலையில் ஒன்பது லிஃப்டா நிற்கும்? அந்தக் கம்பெனியின் வேலைத்தரம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

"என் வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா?" என்று கேட்டாயாம். பேசவில்லை. முதலில் சொல், பிறகு ஆள், அதுதான் ஒழுங்கு. நாற்பதாவது நிமிஷம் மேனேஜர் என் தோளைப் பிடித்து உட்கார வைக்காமல் இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கு வந்திருப்பேன். ஆகவே என் மேல் தப்பில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. நீயாகக் கூப்பிடும்வரை உன் வாசலை மிதிப்பதாகவும் இல்லை.

மருமகளுக்கு என் ஆசிகள். இருவரும் நூறாண்டு இருங்கள். லிஃப்டை நம்பாமல் படியேறிப் போங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால், மாப்பிள்ளைதான் தட்டை என் பக்கம் தள்ளி, "போதும் மச்சான், சாப்பாடு ஆறிப்போகுது" என்பார். வேறு யார் சொல்லியும் நான் நிறுத்தியதில்லை. அன்றைக்கும் அந்தக் குரல் வரும் வரும் என்று பேசிக்கொண்டே இருந்தேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இனிமேல் அதை நீதான் சொல்ல வேண்டும்.