அன்னையர் சங்கத்தில் ஓர் அண்ணை

கொழும்பு மாநகரத்தில் வீட்டுக்குள்ளே அதிக தடவை குடை விரித்த மனிதர் எங்கள் குடை அண்ணைதான். இதில் யாரோடும் பந்தயத்துக்கு நான் தயார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் ஒழுங்கைச் சனத்தில் அதைக் கேட்டறிய ஒருவரும் மினக்கெடவில்லை.

யுத்த காலம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கையில் ஒரு மாடிவீடு. மேலே நாங்கள், கீழே அவர். கொழும்புக் கோட்டைப் பகுதியில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளார்க். மனைவி வளைகுடா நாட்டில் நேர்ஸ். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னி, ரிபன் கட்டி, சாப்பாடும் கட்டி அனுப்பிவிட்டுத்தான் மனிதர் பஸ் ஏறுவார்.

சனிக்கிழமைகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து எங்கள் ஹோலில் படம் போடுவோம். வெளியே ஆமியின் செக்கிங், ரவுண்டப். பிள்ளைகளை வேறு எங்கே அனுப்புவது? ஒழுங்கைப் பிள்ளைகள் முழுக்க நிலத்தில் குந்தியிருப்பார்கள். டிவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் நீளக் கறுப்புக் குடையோடு குடை அண்ணை. கதாநாயகி மழையில் ஆடத் தொடங்கியதும் 'டப்' என்று குடை விரியும். திரை மறைந்துவிடும், பாட்டு மட்டும் கேட்கும். படத்தில் பெய்யும் மழை ஹோலுக்குள் அடிக்காமலிருக்கத்தான் அவர் குடை பிடிக்கிறார் என்று எங்கள் சின்னவள் வெகுகாலம் நம்பியிருந்தாள்.

"மாமா, பாட்டு முடிஞ்சுதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"பொறு பிள்ளை, அவவின்ர உடுப்பு இன்னும் காயேல்லை."

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கமலாக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணை, பெட்டையளின்ர கண்ணைப் பொத்தினாக் காணும். பெடியள் பாத்தால் என்ன வரப்போகுது?"

குடை அண்ணை எழும்பி நின்றுவிட்டார். "அதெப்பிடி அக்கா? பெட்டையளுக்குக் குடை பிடிச்சுப்போட்டுப் பெடியளை நனைய விடுறியளோ? அவங்களும் பிள்ளையள்தானே? ஆம்பிளையளுக்கும் சமவுரிமை வேணும்!"

சமவுரிமை என்ற சொல் அவர் வாயில் அன்று ஏறியது, பிறகு இறங்கவேயில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அம்மாமார் எங்களுக்கு ஓர் அன்னையர் சங்கம் இருந்தது. கமலாக்கா தலைவி, நான் செயலாளர். அடுத்த கூட்டத்துக்குக் குடை அண்ணை வாசலில் வந்து நின்றார்.

"தலை பின்னுறது நான். சோறு கட்டுறது நான். காய்ச்சலுக்கு முழிச்சிருக்கிறது நான். சங்கம் எண்டா மட்டும் அம்மாமாரோ?"

"அண்ணை, பொம்பிளையள் நாங்கள் ஆயிரம் கதைப்பம்" என்றார் கமலாக்கா.

"அதைத்தானே நானும் கதைக்க வந்தனான்!"

உள்ளே விடவில்லை. மனிதர் யன்னலுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் குடையை உயர்த்தி வாக்களித்தார். ஒருவரும் எண்ணவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.

காலி வீதிச் சுவரில் ஒரு 'வயது வந்தோருக்கு மட்டும்' போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து, குடையை விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றார். விளைவு? அதுவரை அந்தச் சுவரைத் திரும்பியும் பாராத வெள்ளவத்தை முழுவதும், அண்ணை எதை மறைக்கிறார் என்று எட்டிப் பார்த்தது. அந்தப் படத்துக்கு அவ்வளவு விளம்பரத்தைத் தியேட்டர்காரரே செய்யவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு அடங்கியது காலி வீதியில் இருந்த ஒரு வீடியோக் கடையால். அதன் முதலாளி பள்ளிக்கூடம் விட்டதும் பெடியன்களைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, பெரியவர்களே பார்க்கக் கூசும் கசெற்றுகளைப் போட்டுக் காட்டுகிறான் என்று கதை அடிபட்டது. "எங்கட பெடியள் அப்பிடியான இடத்துக்குப் போகமாட்டினம்" என்று சங்கம் ஏகமனதாக நம்பியது. குடை அண்ணை நம்பவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, நேரே கடைக்குள் புகுந்து, பின்னறைத் திரைச்சீலையை விலக்கி, டிவிக்கு முன்னால் குடையை விரித்தார்.

பெடியன்கள் பின்வாசலால் பறந்தார்கள். முதலாளி முன்வாசலால் தெருவுக்கு ஓடி, சந்தேகத்துக்கிடமான ஆள் ஒருவர் கடைக்குள் நிற்கிறார் என்று கத்தினான். அந்த நாளில் அது போதும். பொலிஸ் வந்தது. "மொகத மே?" என்று குடையைக் காட்டி 'என்ன இது' எனக் கேட்டார்கள். மழையில்லாத நாளில், கூரைக்குக் கீழே குடை விரித்ததற்கு அண்ணை சிங்களத்தில் சொன்ன விளக்கம் அவருக்கே விளங்கவில்லை. ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அவருடைய மூத்தவள் மேலே ஓடிவந்தாள். "அன்ரி, அப்பாவைப் பொலிஸ் ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டினம்." அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏறிய தமிழ் ஆம்பிளை எப்போது இறங்குவார் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கமலாக்காவின் கதவைத் தட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சங்கமே பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது.

"இந்த ஆள் உங்களுக்கு யார்?" என்று கேட்டார் பொலிஸ் இன்ஸ்பெக்டர்.

"எங்கட சங்கத்து மெம்பர், சேர்" என்றார் கமலாக்கா, தன் உடைந்த சிங்களத்தில்.

"என்ன சங்கம்?"

"அம்மலாகே சமிதிய, சேர்."

அம்மாமார் சங்கம்! இன்ஸ்பெக்டர் அண்ணையின் மீசையை ஒருமுறை பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்த அண்ணைக்கோ வேறு கவலை. "என்னை எப்ப சேத்தனீங்கள்?"

"இப்பதான். பேசாம இருங்கோ அண்ணை!"

"வோட்டும் உண்டோ?"

"ஓம், உண்டு! வாயை மூடுங்கோ!"

என்னவென்று இன்ஸ்பெக்டர் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். மனிதர் மேசையில் தட்டிச் சிரித்தார். நாங்கள் பின்னறைக் கதையைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. அவரும் பிள்ளை குட்டிக்காரர். உடனே இரண்டு பேரைக் கடைக்கு அனுப்பினார். அந்தப் பின்னறை அன்றோடு முடிந்தது. அண்ணையை எங்களோடு போக விடும்போது அவரிடம் கேட்டார்: "அங்கே இருந்த பிள்ளைகள் யார்?"

"எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், சேர்" என்றார் அண்ணை. காலி வீதியின் எதிர்ப்பக்கத்து போஸ்டரில் ஒரு முழங்கால் தெரிந்தால் இந்தப் பக்கம் நின்றே கண்டுபிடிக்கிற மனிதர்!

அடுத்த கூட்டத்தில் அவருக்குக் கதிரை போட்டோம். கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ விட்டார் கமலாக்கா. "சமவுரிமை எண்டா இதுதான் அண்ணை." அண்ணை கழுவிக்கொண்டே சொன்னார்: "குடை எவ்வளவு நாளைக்குக் காணும் அக்கா? பெட்டையளோட கதைக்கிற மாதிரிப் பெடியளோடயும் இருந்து கதையுங்கோ." அன்று ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

பிறகு மனைவிக்கு லண்டனில் வேலை கிடைத்து, குடும்பமாகப் போய்விட்டார்கள். தொடர்பு விட்டுப்போயிற்று. போன வருசம் எங்கள் மூத்த மகன், இப்போது அவனுக்கே மகன் இருக்கிறான், சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அம்மா, அண்டைக்கு அந்தப் பின்னறையில முன்வரிசையில இருந்தது நான். குடை மாமா காதுக்குள்ள, 'கொம்மா சோத்தோட பாத்துக்கொண்டிருப்பா, ஓடு' எண்டு மட்டும் சொன்னவர்."

அதற்குப் பிறகு அண்ணை எத்தனை கூட்டங்களில் என் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார், எத்தனை விசயத்துக்கு என்னோடு வாதாடினார்! இதை மட்டும் சொல்லவேயில்லை. லண்டனில் எந்த மூலையில் இருக்கிறாரென்று தெரிந்தால், போன் எடுத்து, "ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்க ஆசையாயிருக்கிறது.