ஆவுளியா மேயும் இடத்தில் நான் போட்ட கோடு

கோரமண்டல்,
கோலார் தங்கவயல்.
ஆகஸ்ட் 1967

அன்புள்ள மச்சான் மரியகுழந்தைக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் ஜெயகரன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் ஃப்ளோராவும் சுகம். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அதன் விவரம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்.

மண்டபம் கடலில் ஆவுளியா என்று நீங்கள் சொல்லும் கடற்பசு எங்கே புல் மேய்கிறது, எங்கே குட்டியோடு ஒதுங்குகிறது என்று மீனவர்களோடு படகில் அலைந்து, பென்சிலில் குறித்து அனுப்பினாய். அந்த இடங்களில் இழுவலைப் படகு நுழையாமல் தடுக்க உங்கள் மீன்துறை ஆபீசில் படகு முதலாளிகளோடு கூட்டம் என்றும், நீ கடலில் இருப்பாய், நான் படத்தைச் சுத்தமாக வரைந்து நேரே உன் அதிகாரிக்கே அனுப்ப வேண்டும் என்றும் எழுதினாய். சுரங்கத்துக்குப் படம் போடுகிறவனுக்குக் கடல் எம்மாத்திரம் என்று நானும் படம் வரைகிற, கஞ்சி போட்ட டிரேசிங் துணியை விரித்தேன். இன்ஸ்டிடியூட் கிளப்பில் சீட்டாடுகிறவர்களிடமெல்லாம் "இப்போ கடலே என் கையிலதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடலை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

படம் தபாலில் போன பிறகு, அதன் நகலை எங்கள் ஆபீஸ் எட்மண்டிடம் பெருமையாகக் காட்டினேன். அவனும் என்னைப் போலப் படம் போடுகிறவன்தான், வாய் மட்டும் என்னைவிட நீளம். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா ஜெயகரா, அந்தக் கடலையும் நம்ம ஆளுங்க தோண்டி முடிச்சிட்டாங்களா?" என்றான். அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது மச்சான். பாறையில் தங்கம் இருந்த இடத்தை வெட்டி எடுத்து முடித்துவிட்டால், படத்தில் அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவோம். இனி அங்கே ஒன்றுமில்லை, ஆள் அனுப்பாதே என்று அர்த்தம். கை பழகிய பழக்கத்தில் ஆவுளியா மேயும் இடத்திலெல்லாம் அந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறேன். கோடு மட்டுமா, ஓரத்தில் 'எடுத்து முடிந்த இடம்' என்று அழகான இங்கிலீஷ் எழுத்தில் விளக்கம் வேறு. நீ உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த மிருகத்தை நான் உட்கார்ந்த இடத்தில் தீர்த்துவிட்டேன்.

உடனே தந்தி ஆபீசுக்கு ஓடி, உன் அதிகாரிக்கு "கோடு போட்ட இடங்களில் உயிர் இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தவும்" என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருக்கும் பாபுவுக்கு எதையும் உரக்கப் படித்துப் பார்த்தால்தான் புரியும். படித்தான். பின்னால் நாகம்மா கார்டு வாங்க நின்றிருந்தாள். அவள் புருஷன் அந்த நேரம் ஷிப்டில் சுரங்கத்துக்குக் கீழே இருந்தான். இந்த ஊரில் அந்த வார்த்தைகளுக்கு, பாறை சரிந்து ஆள் மாட்டிக்கொண்டான் என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா சொல். கார்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பாபுவும் என் தந்தியைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஓடினான். சுரங்கத்துக்குள் இறங்கும் மாரிகுப்பம் ஷாஃப்ட் வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள்; அவர்கள், "எந்த லெவல்? யாரு சொன்னது?" என்று கேட்க, பாபு என் பக்கம் கையைக் காட்டினான். "கீழ ஒண்ணும் ஆகலம்மா, அது கடல்ல இருக்கிற பசு" என்றேன். நாகம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க ஊட்டு ஆளு அடியில கிடக்கிறாரு. நீங்க கடல்ல மாடு மேய்க்கிறீங்களா சார்?"

ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. அவள் புருஷன் இறங்கி, இன்னா கூட்டம் என்றான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசிவரை விடவில்லை. எவளாவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் வீட்டுக்கு நிமிர்ந்து வந்திருப்பேன்.

அந்தத் தந்தி போகவே இல்லை. மறுபடி அங்கே போக எனக்கு முகமில்லை. ஃப்ளோரா, "என் தம்பி மானத்தையும் சேத்து வாங்கிட்டீங்களே" என்று சொன்னதோடு சரி, பேச்சில்லை. அதனால் புல்வெளிக்குப் பச்சை வர்ணம் தீட்டிப் புதுப்படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாரியின் காலைப் பிடித்தாவது பழையதை வாங்கிவிட்டு இதைக் கொடு. பிழை உன் அக்காள் புருஷனுடையது என்று எல்லோர் முன்பும் சொல். கூச்சப்படாதே, எனக்குப் பழகிவிட்டது.

கர்த்தர் உன்னையும், உன் படகையும், மிச்சமிருக்கும் ஆவுளியாக்களையும் காப்பாராக. உன் அக்காளின் அன்பு முத்தங்கள். அவள் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
ஜெயகரன்

பி.கு: உறையை ஒட்டும்போது உன் தந்தி வந்தது. கூட்டம் முன்னதாகவே நடந்துவிட்டதாமே. படகு முதலாளிகள் என் கோட்டைப் பார்த்து, அங்கேதான் மீனெல்லாம் எடுத்து முடிந்துவிட்டதே, அந்த இடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்களாமே. ஆகவே மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. புதுப்படத்தையும் அனுப்பவில்லை. டிரேசிங் துணியில் கஞ்சி போனால் நல்ல கைக்குட்டை ஆகும் என்று உன் அக்காள் அதை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டாள், தண்ணீர் பச்சையாக இருக்கிறது. அந்த முதலாளிகள் காதுக்கு மட்டும் விஷயம் போகக் கூடாது மச்சான். நீ அங்கே வாயைத் திறக்காதே. நானும் இங்கே, தந்தி கொண்டுவந்த ஆளைத் தவிர, ஒருவரிடமும் சொல்லவில்லை.