தாலிக்கொடியும் தாடையெலும்பும்

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்,
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் உமாசுதனுக்கு, அத்தான் இராஜரத்தினம் எழுதிக்கொள்வது. உட்லண்ட்ஸில் நீங்களும் நிவேதிகாவும் பிள்ளைகளும் நலமாயிருக்கச் சிவபெருமான் அருள்வாராக. இங்கே நான் நலம், உங்கள் அக்கா விசாலாட்சி நலமில்லை. போனில் பேசினால் சமையலறையிலிருந்தே அத்தனையும் கேட்டுவிடுவாள் என்பதால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கிறது. தீபாவளியிலிருந்தே வலி. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், கன்னம் பன் மாதிரி வீங்கிய பிறகுதான் என்னோடு கிளினிக்குக்கு வந்தாள். டாக்டர் ஹனீன் நம் தமிழ்ப் பிள்ளை, தங்கமான குணம். சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். "அங்கிள், வேருக்குக் கீழ கறுப்பா இருக்கு பாருங்க, அங்க எலும்பு கரைஞ்சிருக்கு. ஈறு சதையை அழுத்திப் பாத்துட்டேன், எலும்பைப் படத்துலதான் பாக்க முடியும். நரம்பு வரைக்கும் போயிருச்சான்னு தெரிஞ்சாதான் பல்லைக் காப்பாத்தலாமா எடுக்கணுமான்னு சொல்லுவேன்" என்றார்.

அதற்குத் தாடை முழுவதையும் சுற்றிப் பெரிய படம் எடுக்க இன்னொரு மெஷின் இருக்கிறது, அதில் கழுத்தில் காதில் உலோகமே கூடாதாம். உங்கள் அக்கா தோட்டைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள், தாலிக்கொடியை மட்டும் ரவிக்கைக்குள் தள்ளி முந்தானையால் மூடிக்கொண்டு, "கழுத்துல ஒண்ணும் இல்ல" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். படம் வந்தது. பார்க்க வேண்டிய எலும்பின்மேலேயே வெள்ளையாக ஒரு பட்டை. "ஆன்ட்டி, இது எலும்பும் இல்ல, பல்லும் இல்ல. என்னது?" என்று டாக்டர் கேட்க, இவள் முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொள்கிறாள். "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்திவிட்டேன். வீங்கின கன்னத்தோடு அவள் சொன்ன பதில் இது: "உங்களுக்கு பிரஷர் இருக்கு. நான் கழட்டுற நேரமாப் பாத்து உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? பல்லு போனா போகட்டும் லா." மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரலாமே என்று டாக்டரே யோசனை சொன்னார். அதற்கும், "மார்கழியிலயா? தை பிறக்கட்டும்" என்கிறாள். சீழுக்குத் தை, மார்கழி தெரியுமா மச்சான்?

ஆயுள் முழுக்க அலுவலகத்தில் குப்பை கொட்டி, நாலு விஷயம் தெரிந்தவன் நான். சங்கிலியைக் கழற்றினால் மனிதன் செத்தா போவான்? இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடத்தனமா? செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். வந்து கொஞ்சம் புத்தி சொல்லுங்கள். அந்தக் கறுப்பு உள்ளே பரவிக்கொண்டே போகிறது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது.

நிவேதிகாவை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நல்ல பற்களோடு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
இராஜரத்தினம்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மேலே மூடத்தனம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வலி தாங்காமல் அவளே கொடியைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்து, "பத்திரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது, மெஷின் சுற்ற ஆரம்பித்தது. கையில் கொடி இன்னும் சூடாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், எனக்கு நெஞ்சை அடைத்தது. "விசாலாட்சி, சீக்கிரம் வா, எனக்கு என்னமோ பண்ணுது!" என்று கிளினிக்கே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அவள் தலையைத் திருப்ப, படம் முழுக்கக் கலங்கிவிட்டது. ஓடிவந்து கொடியைப் போட்டுக்கொண்டாள், எனக்கு உடனே சரியாகிவிட்டது. பிரஷரும் ஒழுங்காகத்தான் இருந்ததாம். "நான் எப்ப வேணும்னாலும் கழட்டுறேன் டாக்டர், இவரை என்ன செய்யறதுன்னு சொல்லுங்க" என்கிறாள் உங்கள் அக்கா. சனிக்கிழமை காலை மறுபடி எடுக்கிறார்கள். அவளிடம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்து கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் என்னையும்.