மைசூர்க்காரன்

திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றியதும் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. பல வருஷத்து அடுப்புப் புகை அந்த இடத்தை மட்டும் தொட்டிருக்கவில்லை.

"இதை என்ன பண்றது?" என்றார் லூர்துராஜ்.

நஞ்சுண்டசாமி தன் அறைக்குப் போய் மத்தியக் கிழக்கு நாடுகளின் மேப்பை எடுத்துவந்தான். சதுரத்தின் மேல் வைத்துக் குண்டூசி குத்தினான். சூயஸ் கால்வாய் நடுவில் வந்தது.

லூர்துராஜின் மனைவி மெட்டில்டா படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாரையும் ஒருமுறை பார்த்தாலே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அப்படித்தான் அவனைப் பார்த்தாள்.

"நாங்க முதல் பூசைக்குப் போய்ட்டு வந்த கையோட பொய். ரொம்ப நல்லா இருக்கு தம்பி."

அவன் குண்டூசிகளைச் சரிசெய்வதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தான் நஞ்சுண்டசாமி. அரசியலில் எம்.ஏ. முடித்திருந்தான். மத்தியக் கிழக்கின் இன்றைய அரசியலை ஆராய ஓர் அறக்கட்டளை இரண்டு வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது. ஒரே ஒருவருக்கு. அதுவும் மைசூர் ராஜ்யத்துக்காரராக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கொள்ளேகாலுக்குத் திரும்பி அப்பாவோடு பட்டுப்புழுவுக்கு இலை நறுக்க வேண்டியதுதான்.

கொள்ளேகாலுக்குக் காலை பஸ்ஸில் போனால் மாலைக்குள் மைசூர் திரும்பிவிடலாம். ஆனால் அது சென்னை ராஜ்யம், கோயம்புத்தூர் ஜில்லா. நேர்முகத்தில் புரொபசர் இராமச்சந்திரன் ஊர் எது என்று கேட்டார். மைசூர் என்றான். அவர் நம்பினார். நம்பியதோடு விடாமல், வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். பையன் ஏழைதானா என்று நேரில் பார்ப்பது அறக்கட்டளையின் வழக்கம்.

அவன் லூர்துராஜின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். லூர்துராஜ் தபால் ஆபீஸ் குமாஸ்தா. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஒரு மணி நேரத்துக்கு மாமாவாக இருக்கச் சம்மதித்தார். அப்பாவுக்கு வயசு பத்தாததால் மாமா. அப்பா எங்கே என்று கேட்டால் வெளியூர் என்று சொல்வதாக ஏற்பாடு.

தீபாவளிக்குக்கூட நஞ்சுண்டசாமி ஊருக்குப் போகவில்லை. சூயஸில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. தினமும் பேப்பரில் அந்தச் செய்தியை மட்டும் கத்தரித்துக்கொண்டு மீதியை மெட்டில்டாவிடம் அடுப்பெரிக்கக் கொடுத்தான். ஹோட்டல்களில் ராஜ்யங்களைப் பற்றி ஏதோ சத்தம். வியாழக்கிழமை பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போயிற்று. அவன் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தான். உள்ளூர் அரசியலில் ஆராய ஒன்றுமில்லை என்பது அவன் அபிப்பிராயம்.

லூர்துராஜ் திருநீற்றை எடுத்தார். குறுக்கே மூன்று கோடு என்று சொல்லியிருந்தும் பழக்கத்தில் கை சிலுவை போட்டுவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பூசினார். அதற்குள் புரொபசர் வந்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமாவின் பெயரைக் கேட்டார்.

"கெம்பையன்," என்றார் லூர்துராஜ்.

"கரியப்பன்," என்றான் நஞ்சுண்டசாமி, அதே நேரத்தில்.

புரொபசர் இருவரையும் பார்த்தார்.

"ஆபீஸ்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு சார்," என்றார் லூர்துராஜ்.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

புரொபசர் அப்பாவை விசாரித்தார். வெளியூர் போயிருக்கிறார் என்று லூர்துராஜ் தயாராகச் சொன்னார். புரொபசர் தலையாட்டிவிட்டு எழுந்து மேப்பின் அருகே போனார். ஏழை வீட்டுச் சுவரில் மத்தியக் கிழக்கைப் பார்த்ததில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அங்கே எல்லைக்கோடு போட்டவர்கள் ஊர்க்காரர்களைக் கேட்டார்களா என்றார்.

இது நஞ்சுண்டசாமிக்குத் தெரிந்த பாடம். நிமிர்ந்து நின்றான். "இல்லை சார். ராத்திரி ஒரு தேசத்துல படுத்தவன் காலையில வேற தேசத்துல எழுந்திருக்கிறான். விஷயம் அவனுக்குத்தான் கடைசியில தெரியும்."

"ஹௌது, ஹௌது," என்று கன்னடத்தில் ஆமோதித்தபடி புரொபசர் மேப்பின் மேல் தட்டினார்.

மேப் விழுந்தது. வெள்ளைச் சதுரம் எல்லோரையும் பார்த்தது.

"இங்கே என்ன இருந்தது?"

"அப்பா படம் சார்." அவன் யோசிக்கவில்லை. "கண்ணாடி உடைஞ்சு போச்சு. மாத்தக் கொடுத்திருக்கோம்."

புரொபசர் மெல்ல லூர்துராஜ் பக்கம் திரும்பினார். "வெளியூர் என்றீர்களே?"

லூர்துராஜ் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "ரொம்ப வெளியூர் சார்."

அதன் பிறகு புரொபசர் உரக்கப் பேசவில்லை. தானே குனிந்து மேப்பை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். பையனின் தோளைத் தொட்டார். அவனுக்குத்தான் கொடுக்கச் சொல்லிக் கமிட்டியில் பேசப்போவதாகச் சொன்னார். காது மடல்கள் எரிய நஞ்சுண்டசாமி நன்றி சொன்னான். மெட்டில்டா காப்பியோடு வந்தவள் அவன் முகத்தைப் பார்க்காமலே டம்ளரை வைத்தாள்.

அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மல்லப்பன் உள்ளே வந்தார். நஞ்சுண்டசாமியின் அப்பா. ஒரு கையில் குடை, மறு கையில் பலகார டின். தீபாவளிக்கு வராத மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார்.

"பட்டுக்கூடு வியாபாரி, சார்," என்றான் நஞ்சுண்டசாமி. "எப்பவாவது இந்தப் பக்கம் வருவார்."

மல்லப்பன் திறந்த வாயை மூடினார். மகனைப் பார்த்தார். புரொபசரைப் பார்த்தார். லூர்துராஜைப் பார்த்தார். லூர்துராஜை அவருக்குத் தெரியும். திருநீற்றோடு தெரியாது.

பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆமாங்க. யாவாரிதானுங்க," என்றார்.

"நாற்காலி இருக்கு, உட்காருங்க ஐயா," என்றாள் மெட்டில்டா. அவள் குரல் சரியாக இல்லை.

"இருக்கட்டுமுங்க." கதவோரம் தரையில் உட்கார்ந்தார். டின்னை மடியில் வைத்துக்கொண்டார். மெட்டில்டா தனக்கு எடுத்து வைத்திருந்த காப்பியை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

புரொபசர் நல்ல மனிதர். தரையில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. பையனைக் காட்டினார். பெரிய படிப்பு படிக்கப்போகிறான் என்றார். இவ்வளவும் தகப்பன் இல்லாமல் என்றார்.

மல்லப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படிங்களா? எப்பத் தவறிப்போனாருங்க?"

புரொபசர் நஞ்சுண்டசாமியைப் பார்த்தார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மெட்டில்டாவைத் தவிர. அவள் சுவரின் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷம் ஆச்சு," என்றான்.

"பாவமுங்க," என்றார் மல்லப்பன். "சாகறப்ப இவனப் படிக்க வெக்கோணும்னு நெனச்சிருப்பாரு."

லூர்துராஜ் நெற்றியைத் துடைத்தார். திருநீறு பாதி போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. நஞ்சுண்டசாமி அப்பா பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். ஸ்காலர்ஷிப் போகும், அவ்வளவுதானே. அவன் உதட்டைப் பிரித்தான்.

"பெரியவருக்கு எந்த ஊர்?" என்றார் புரொபசர்.

பிரிந்த உதட்டிலிருந்து வேறொன்று வந்தது.

"குண்டலுபேட்டை, சார். மைசூர் ராஜ்யம்தான்."

மல்லப்பன் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பலகார டின்னை மெட்டில்டாவின் கையில் கொடுத்தார். புரொபசரைக் கும்பிட்டார். யாவாரி என்றபோது சும்மா இருந்தவர், செத்துப்போனதாகச் சொன்னபோதும் சும்மா இருந்தவர், ஊர் விஷயத்தில் மட்டும் இருக்கவில்லை.

"இல்லீங்க சாமி, கொள்ளேகாலுங்க, வியாழக்கெழமையிலிருந்து எங்கூரும் மைசூரு ராஜ்யமாயிருச்சுங்க, அதச் சொல்லிப்போட்டுப் போலாம்னு எம் பையனத் தேடி வந்தனுங்க, அவன் இந்த ஊட்ல இல்லையாட்டமிருக்குது."