எட்டு கோரும் மூன்று தடவை உப்பும்

குத்துக்கல்வலசை,
ஆடி 9, வெள்ளி

மதிப்பும் பிரியமும் கொண்ட மணிமுத்து மாமாவுக்கு, அக்கா மகள் ஜெயபிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பெங்களூரில் நீங்களும் அத்தையும் நலமா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்பா படித்துவிடுவார் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

நான் பிளஸ் ஒன் படிப்பதற்காக நீங்கள் அனுப்பிய எட்டு கோர், அதாவது எட்டு மூளை உள்ள கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. அதில் அப்பா லாரி ஓட்டுகிறார். பகலெல்லாம் புளியங்குடி கமிஷன் கடையில் எலுமிச்சை மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பியவர், வீட்டுக்கு வந்ததும் கேமில் வேறொரு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போன வாரம் அந்த லாரி, ஊர் நெருங்கினால் நின்று நின்று ஓடியது. "ஏட்டி, ஒம் மாமன் எட்டு கோருன்னு சொன்னான். ஏழு டூப்ளிகேட்டுப் போலுக்கு" என்றார் அப்பா. உங்கள் மானத்தைக் காப்பாற்ற நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். கோருக்கு ஒன்றாக இருந்த எட்டுக் கட்டங்களில் ஒன்றின் உழைப்புக் கோடு உச்சியைத் தொட்டது. மற்ற ஏழும் தரையில் படுத்திருந்தன. அது பழைய கேம் என்று நூலகப் புத்தகத்தைப் பார்த்து விளக்கினேன். விசையை அழுத்தியது, லாரி நகர்ந்தது, எதன்மேலாவது மோதியதா என்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிய வேண்டியவை, அதனால் ஒரே கோர் பார்க்கிறது. சத்தம், மழை, தூரத்து ஊரைத் தயார்செய்வது போன்றவற்றைப் பிற கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். புதிய கேம்கள் கொடுக்கின்றன, இது கொடுக்கவில்லை என்றேன். அடுக்களையிலிருந்து அம்மா, "ஒருத்தி கெடந்து வேகுதா, ஏழு பேரு உக்காந்து பாக்காவ. இதப் பாக்க கரண்டு வேற செலவா?" என்றாள்.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. சீசன் தொடங்கி ஒன்றரை மாதமாக விருந்தாளிகளுக்குச் சமைத்த அம்மா, ஆறு கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலத்தில் இந்த வருடம் ஒருமுறைகூடக் குளிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம நீ ரூபியோட போயிட்டு வா முத்துசெல்வி. நாங்க மல்டி கோரா சமைக்கோம்" என்றார். அன்று சாரல் அருமையாக இருந்தது. அம்மா போனைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு ரூபி அக்காவோடு போனாள். குளிக்க வந்திருந்த அப்பாவின் அக்கா சங்கரம்மாள் அத்தையும் நானும் அப்பாவும் மூன்று கோர்கள். "எல்லாரும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாக்கணும்" என்பது அப்பாவின் உத்தரவு. ஆகவே சாம்பாருக்கு நான் உப்புப் போட்டேன், அப்பாவும் போட்டார். "நாந்தான் அப்பமே போட்டுட்டேனே, லே பிச்சையா!" என்று அத்தை பிறகு சொன்னாள். சோற்றை மட்டும் மற்றவர் வைத்திருப்பார் என்று மூவரும் நம்பினோம். ஒருவர் செய்ததை அடுத்தவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடில்லாமல் வேலையைப் பிரிக்கக் கூடாது என்று அந்தப் புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. அதை நான் திங்கட்கிழமைதான் படித்தேன்.

மெயினருவியில் பெண்கள் வரிசையில் நின்ற அம்மாவுக்கு அப்பா பெருங்காயம் எங்கே என்று ஒருமுறையும், உப்பு கூடினால் என்ன செய்வது என்று ஒருமுறையும், குக்கர் மூடி எங்கே என்று ஒருமுறையும் போன் செய்தார். மூன்றாவது போன் வந்தபோது அம்மாவுக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்களாம். வீட்டுக்கு வந்தவளின் தலைமுடி காய்ந்திருந்தது. கொண்டுபோன துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. நேராக அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள். "நல்லாத்தான பிரிச்சோம்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

எனவே மாமா, அடுத்த ஞாயிறு நீங்கள் பதினோரு பேராக வருவதாகச் சொன்னதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அருவியில் தண்ணீர் வற்றியபின் வந்தால் எல்லோருக்கும் வசதி. அத்தைக்கு என் அன்பு. குட்டித் தம்பிக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பி. ஜெயபிரியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். "எழுதுனது இருக்கட்டும். அடியில நாஞ் சொல்லுதத சேத்துக்கோ" என்கிறாள். பதினோரு பேரும் அவசியம் வரவும். நீங்கள் வந்து இறங்கும் நேரத்தில் அம்மா ஐந்தருவியில் இருப்பாள். போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போவாள். சோறு வைக்க யாருக்காவது தோன்றினால் அது கிடைக்கும்.